குழந்தைகூடத் தீட்டலாம்

"இந்தக் கத்தியை வெச்சு தக்காளியை மிரட்டலாம், வெட்ட முடியாது" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பரிசோதகர் திரும்பவில்லை.

"எல்லாமே ஒரு நாள் மழுங்கத்தான் செய்யும்" என்றார், சுவரிடம்.

பொத்தான் தொழிற்சாலையில் அவர்தான் தரப் பரிசோதகர். ஒவ்வொரு பொத்தானையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கீறல் கண்ணில் பட்டால் "தள்ளு" என்பார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்த மனுஷன். போன மாதம் ஆலைக்கு ஒரு புது மெஷின் வந்து சேர்ந்தது. அது வாயைத் திறக்காமலே தள்ளியது, முதலில் பொத்தானை, அப்புறம் இவரை.

அன்றைக்கு வந்து படுத்தவர்தான். சவரம் கிடையாது, பேப்பர் கிடையாது, பேச்சும் கிடையாது. சாப்பிடக்கூட நாலு தடவை கூப்பிட்டால்தான் எழுந்து வருவார். வந்தாலும் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். இந்த மனுஷன் இப்படியே கட்டிலோடு கட்டிலாகப் போய்விடுவாரோ என்று மனைவிக்குப் பயம்.

"வாசல் வரைக்கும் ஒரு நடை நடந்துட்டு வாங்களேன்."

"வாசல்ல என்ன இருக்கு?"

"காத்து வருதுங்க."

"அது உள்ளயே வருதே."

இதற்கு மேல் எந்தப் பெண்டாட்டியால் என்ன பேச முடியும்? அந்த அம்மாள் கத்தியையும் ஒரு தக்காளியையும் கொண்டுவந்து கட்டில் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க. இது பாஸா, இல்லையா?"

பரிசோதகர் மெல்லத் திரும்பினார். கத்தியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கட்டை விரலை விளிம்பில் வைத்துத் தடவினார்.

"தள்ளு!" என்றார். ஒரு மாதத்தில் அவர் உரக்கச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

எழுந்தும் விட்டார். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடி விளிம்பில் கத்தியைத் தேய்த்தால் கூர் ஏறும் என்று எங்கேயோ கேட்டிருந்தார். தேய்த்தார். கோப்பையின் காது தனியாகக் கழன்று வந்தது. மனைவி ஆசை ஆசையாக வாங்கிய கோப்பை அது. வழக்கமாக இருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும்.

"போனாப் போகுது, விடுங்க" என்றாள் அவள். "கடையில சுலபமா தீட்டுற சாமான் ஏதாவது இருக்கான்னு பாத்துட்டு வாங்களேன்."

பரிசோதகர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

"எந்த மாதிரி வேணும்?" என்று கேட்டார் ஹார்டுவேர் கடைக்காரர்.

"சுலபமானது. இந்த வயசுல கல்லோட மல்லுக்கட்ட முடியாது."

"அப்ப இதை எடுத்துக்குங்க. இந்தப் பள்ளத்துல கத்தியை வெச்சு இழுத்தாப் போதும். குழந்தைகூடத் தீட்டலாம்."

இழுத்தார். இழுத்து இழுத்து, அன்றைய பேப்பரை நாடா நாடாவாகக் கிழித்துச் சோதித்தார். மனைவி இன்னும் படிக்காத பேப்பர். தக்காளியைத் தானே நறுக்கினார். வெங்காயத்தையும் நறுக்கிக் கண்ணைக் கசக்கிக்கொண்டே "பாஸ்" என்றார். அன்றைக்குச் சாப்பாட்டை மறுதடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க... மறுபடியும் வெட்ட மாட்டேங்குது."

ஓடிப்போய்ப் பார்த்தார். கத்தி கரண்டி மாதிரி மழுங்கிக் கிடந்தது. அவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. நேற்று தன் கையால் பாஸ் போட்ட சரக்கு! ஆலையில் ஒரு நாளும் இப்படி நடந்ததில்லை.

கடைக்காரர் அசரவில்லை. "அது சும்மா விளையாட்டுச் சாமானுங்க. இது கைப்பிடி வெச்சது. அடியில ரப்பர் கிண்ணம் இருக்கு, மேசையில கவ்விக்கும். கத்தி, செடி வெட்டுற கத்தரி, மண்வெட்டி, எதை வேணா தீட்டலாம்."

"நேத்து குழந்தைகூடத் தீட்டலாம்னீங்களே?"

"இதுல தூங்குற குழந்தைகூடத் தீட்டலாம்."

ரப்பர் கிண்ணம் சாப்பாட்டு மேசையை நன்றாகவே கவ்வியது. அப்புறம் விடவில்லை. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள், மேசைதான் கூடவே வந்தது. அன்றிலிருந்து மேசை நடுவில் அது விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்க, இவர்கள் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"அப்படியே இந்தச் செடிக் கத்தரியையும் பாத்துடுங்களேன்" என்றாள் மனைவி.

தீட்டினார். தீட்டினால் சோதிக்க வேண்டாமா? பக்கத்து வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குச் செடிவேலி ஒன்று இருந்தது. அதன் ஒரு முனையை லேசாக வெட்டினார். கோணலாகப் போனது. தரப் பரிசோதகருக்குக் கோணல் பொறுக்குமா? மறுமுனையைக் குறைத்தார். அது ரொம்பக் குறைந்துபோனது. இந்த முனையைக் குறைத்தார். இப்படியே போய், பொழுது சாய்வதற்குள் வேலி முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பெண் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"அண்ணே, இனிமே மூஞ்சியைப் பாத்தே பேசிக்கலாம் போல."

"உயரம் சமமா இருக்கா, பாத்துச் சொல்லும்மா."

"சமமாத்தான் இருக்கு. இருக்குறது கொஞ்சமாச்சே."

போன வாரம்தான் ஆலை அவள் புருஷனையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. பரிசோதகர் எட்டிப் பார்த்தார்.

"எங்க அவரு?"

"உள்ளதான்ணே. படுத்திருக்காரு."

"படுத்தே கெடந்தா எப்படி? எந்திரிச்சு ஏதாவது வேலையைப் பாக்கச் சொல்லு" என்றார் பரிசோதகர். தானா இதைச் சொல்கிறோம் என்று அவருக்கே ஒரு நிமிஷம் ஆச்சரியமாக இருந்தது. ராத்திரி உடம்பு வலியோடு படுத்தவர் சுவரைப் பார்க்க நேரமில்லாமல் தூங்கிப்போனார்.

விடிந்ததும் கத்தியும் மழுங்கல், செடிக் கத்தரியும் மழுங்கல்.

"கருவியில ஏதோ கோளாறு" என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

இந்தத் தடவை கரண்ட்டில் ஓடுகிற மெஷின் வந்தது. சுவிட்சைப் போட்டால் ஒரு பட்டை சுற்றும், விளிம்பைக் காட்டினால் போதும். காட்டினார். தீப்பொறி பறந்தது. தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போனது. கத்தி மீன்முள் மாதிரி இளைத்துவிட்டது, ஆனால் என்ன கூர்! கை முடியைச் சிரைத்துப் பார்த்துச் சிரைத்துப் பார்த்து அவருடைய இடது கை பச்சைக் குழந்தையின் கை மாதிரி ஆகிவிட்டது. மண்வெட்டியைத் தீட்டித் தோட்டத்தில் ஒரு போடு போட்டார். மண்ணோடு சேர்ந்து தண்ணீர்க் குழாயும் ரெண்டாகி அவரைக் குளிப்பாட்டியது. பாதிக் குளியலாகிவிட்டதே என்று சோப்புப் போட்டு முழுசாகக் குளித்து, சவரமும் செய்துகொண்டார்.

கண்ணாடியில் தெரிந்த முகம் பழைய முகம் மாதிரி இருந்தது. இந்தக் கூர் மட்டும் நாளை வரைக்கும் நின்றால் போதும் என்று அவர் மனசுக்குள் ஒரு ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கத்திக்குக்கூட லாயக்கில்லாதவன் இல்லை நான், அது தெரிந்தால் போதும்.

மறுநாள் அவரே முதலில் எழுந்து சமையலறைக்குப் போனார். மனைவி அதற்கு முன்பே எழுந்து அங்கே நின்றிருந்தாள். கத்தியை எடுத்து விரலை வைத்தார்.

மழுங்கியிருந்தது.

தோட்டத்துக்குப் போய் மண்வெட்டியைப் பார்த்தார். அதுவும்தான். செடிக் கத்தரியைத் தொடவே அவருக்குக் கை வரவில்லை.

"கடைக்காரரு வேற ஒண்ணு வந்திருக்குன்னு சொன்னாராமே" என்று மனைவி தொடங்கினாள்.

"வேண்டாம்" என்று அவர் உள்ளே திரும்பி வந்தார். "ஆலையில நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்தா, எதெல்லாம் மாறுச்சு, எது மாறலைன்னு பாப்பேன். இங்க தீட்டுற சாமான் மாறியாச்சு. தீட்டுன பொருளும் மாறியாச்சு. மாறாதது நான் மட்டும்தான்."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க."

"குழந்தைகூடத் தீட்டலாம்னு சொன்னதை என்னால தீட்ட முடியல. ஆலைக்காரன் சரியாத்தான் பாத்திருக்கான்."

தன் கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"தள்ளு" என்றார்.

கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மனைவி தோளைத் தொட்டு உலுக்கினாள். "என்னங்க, எந்திரிங்க. ஒரே ஒரு தடவை. எனக்காகப் பாருங்க." அவர் அசையவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள்.

ஜன்னல் திறந்திருந்தது. வேலி முழங்கால் உயரம்தான். வெளியே பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது.

"அக்கா, நீங்க தினமும் விடியுறதுக்குள்ள வந்து கத்தியைக் கல்லுல தேய்ச்சு மழுங்கடிக்கிறீங்களே, அதை எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்கக்கா, எங்க வீட்டுக்காரரும் கட்டிலை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குறாரு!"