பன்னிரண்டாம் கட்டத்துக் காகம்

முதலாளி றிஸ்வி சிரித்தது தப்பான இடத்தில்.

மூன்று நிமிடக் கார்ட்டூன் படம். கடுகண்ணாவையில் ஓர் ஆடு ரயிலேறுகிற கதை. ஸ்டோரிபோர்டின் அறுபது கட்டங்களில் ஐம்பத்தொன்பதை யோகராஜ் வரைந்து சுவரில் ஒட்டியிருந்தான். ஆட்டின் நடைக்காக ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் இரண்டு நாள் மழையில் நின்று, உண்மையான ஆட்டை ஃபோனில் வீடியோ பிடித்து வந்தான். அட்டை கடித்த தடம் காலில் இன்னும் ஆறவில்லை.

றிஸ்வி ஆட்டைத் தாண்டிப் போய், பன்னிரண்டாம் கட்டத்தில் நின்றார். மதில்மேல் ஒரு காகம். கழுத்தைச் சாய்த்து, பக்கத்துக் காகத்தின் சோற்றுப் பார்சலை எட்டிப் பார்க்கிறது.

"இது யார்ட வேல?"

"ரொனிட," என்றான் யோகராஜ்.

"சோக்கு! அடுத்த படத்த யார்ட கைல குடுக்கிறண்டு இப்பதான் யோசிச்சிட்டு இருந்தன்."

அடுத்த படம் தனக்குத்தான் என்று யோகராஜ் வீட்டில் சொல்லியாகிவிட்டது. அவன் இங்கே ஆறு வருடம். ரொனி நாலு மாதம்.

முதலாளி போனதும் ரொனியிடம், "காகத்தத் தூக்குடா. கதைக்குத் தேவயில்ல," என்றான்.

"சரிண்ணே."

தூக்கினார்கள். ஆட்டை ரயிலுக்கு விரட்டுவது அந்தக் காகம்தான். அது இல்லாததால், ஆடு காரணமே இல்லாமல் ரயிலுக்குள் பாய்ந்தது.

"ஆட்டுக்கு என்ன, பைத்தியமா?" என்றார் றிஸ்வி.

காகம் திரும்பி வந்தது. தந்திக் கம்பத்தின் உச்சியில், மிளகளவு. ரொனி அதைப் பெரிதாக்கிவிடக் கூடாதே என்று யோகராஜ் அவன் கதிரைக்குப் பின்னாலேயே நின்றான்.

அவ்வளவு தூரத்திலிருந்தும் அது எட்டிப் பார்த்தது. றிஸ்வி மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அடுத்து, அதைக் கூடைக்குப் பின்னால் ஒளித்துவைக்கச் சொன்னான் யோகராஜ். கழுத்து மட்டும் மெதுவாக வெளியே வந்தது. றிஸ்விக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"ஆட்டக் கொறைங்க. காகத்தக் கூட்டுங்க."

இருபது கட்டங்கள் சுவரிலிருந்து இறங்கின. எல்லாவற்றிலும் ஆடு.

யோகராஜ் மறுபடி கதிரைக்குப் பின்னால் போய் நின்றான்.

"ஏன்டா, இந்தக் காகத்த எங்க போய்ப் புடிச்ச? மார்க்கெட்டுலயா?"

"தூரமா போகலண்ணே." ரொனி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேசையில் சாய்த்து வைத்திருந்த ஃபோனில் ஒரு வீடியோ ஓடியது; அதை யோகராஜுக்குத் தெரியாதபடி கொஞ்சம் திருப்பினான்.

"அந்த வீடியோவக் காட்டு."

"முடிச்சிட்டுக் காட்டுறேன்."

அதுவரை பொறுக்க முடியவில்லை. யோகராஜ் கைகளைப் பின்னால் கட்டி, கழுத்தைச் சாய்த்தான்.

ஆபீசுக்குத் தேநீர் போடும் வடிவம்மா பிளேன்டித் தட்டோடு உள்ளே வந்தாள். காகத்தை இதுவரை அவள் பார்த்ததில்லை. திரையைப் பார்த்தாள். யோகராஜைப் பார்த்தாள். திரும்பத் திரையைப் பார்த்தாள்.

"அட, காகம் காகம்னு எல்லாரும் சிரிச்சாங்க... இது நம்ம யோகராஜ் தம்பியில்ல!"