மிலோவுக்கு நேர்ந்த மொட்டை

மாதா துணை.

கோட்டயத்துல நர்ஸ் வேலை பாக்குற என் பேத்தி டின்டுவுக்கு, மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டுல இருந்து அம்மாச்சி மதலேனம்மாள் எழுதிக்கொள்வது. நானும் உங்க தாத்தாவும் நீ விட்டுட்டுப் போன மிலோவும் மாதா புண்ணியத்துல சுகம். உன் சுகத்துக்கும், இதைப் படிச்சதும் வரப்போற உன் கோவத்துக்கும் சேத்து ஜெபம் பண்ணிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன்ல சொன்னா நீ நடுவுல அழுவ. கடுதாசின்னா நான் முடிக்கிற வரைக்கும் கேட்டுத்தானே ஆகணும், அதுக்குத்தான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சது.

முதல்ல நல்லதைச் சொல்றேன். ஹாஸ்டல்ல நாய் வெக்க விடலைன்னு அந்த ஷிட்சூ மிலோவை நீ என் மடியில வெச்சப்ப, இது நாயா இல்ல பஞ்சு பிதுங்குன தலகாணியான்னு நெனச்சேன். சீனத்து ராஜாக்க மடியில வளந்த இனம்னு நீ சொன்னதையும் நம்பல. இப்ப நம்புறேன் தாயி. நம்ம லயத்து நாய்ங்க காத்தடிச்சாலே குரைக்கும், இது வந்ததுல இருந்து ஒரு சத்தம் போட்டதில்ல. குரங்கு அதோட பிஸ்கட்டைத் தூக்கிட்டுப் போச்சு, 'போ, தின்னு'ங்கிற மாதிரி பாத்துக்கிட்டே இருந்துச்சு. சூப்பர்வைசர் வீட்டு அல்சேஷன் இதுக்கு ஒதுங்கி வழி விடுது. சாயங்காலம் ஜெபமாலை சொன்னா நடுவுல வந்து முன்னங்காலை நீட்டிப் படுத்துக்கும். உங்க தாத்தா அஞ்சு தேவரகசியத்துல மூணாவதுலயே குறட்டை விடுவார், இது அஞ்சாவது வரைக்கும் தாக்குப்பிடிக்குது. இத்தனூண்டு உடம்புக்கு இவ்வளவு அந்தஸ்து எங்க இருந்து வந்துச்சோ! முடியும் நீ சொன்னபடியே காலையும் மாலையும் சீவி, குடுமி போட்டு ரிப்பன் கட்டி விடுறேன். எனக்கே இந்த வயசுல இடுப்பைத் தொடுற முடி, லயத்துல வேற யாருக்கு இருக்கு? அதைக்கூட நான் இப்படிப் பாத்துக்கிட்டதில்ல.

இனி கேளு. போன செவ்வாக்கிழமை காலைல மேல்காட்டுல ஆனை இறங்கிருச்சுன்னு ஒரே கூப்பாடு, எல்லாரும் கதவைச் சாத்துனோம், சாத்துன பிறகுதான் தெரியுது மிலோ உள்ள இல்ல, கட்டிலுக்கு அடியில இல்ல, கோழிக்கூட்டுல இல்ல, ஆனை மிதிச்சுருச்சோ, சிறுத்தைதான் தூக்கிருச்சோ, உங்க தாத்தா வேற "புள்ளைக்கு என்னடி பதில் சொல்லப் போற"ன்னு கேக்குறார். அப்படியே முட்டி போட்டு, "வேளாங்கண்ணி மாதாவே, மிலோவை முழுசாத் திருப்பிக் குடு, அதுக்கு மொட்டை போட்டு முடியைக் காணிக்கையாக் குடுக்குறேன்"னு சத்தமா நேந்துட்டேன். சத்தமா நேந்தா மாத்த முடியாது, பக்கத்து வீடெல்லாம் சாட்சி.

மாதா ரொம்ப நேரம் எடுத்துக்கல. பக்கத்து வீட்டு மாரீஸ்வரி பின்னாடியே பிஸ்கட்டுக்காகக் கீழ்காட்டுக்குப் போயிருக்கு. அங்க மூட்டை கட்டுற படங்குத் துணியில கொட்டி வெச்ச பச்சைத் தேயிலைக் கொழுந்து மெத்து மெத்துன்னு இருக்கவும் உள்ள புகுந்து தூங்கியிருக்கு. ஆனைப் பயத்துல அவ பாக்காம அப்படியே கட்டி டிராக்டர்ல ஏத்திட்டா. தராசுல தொங்கவிட்டா கொழுந்துக் கட்டு குறட்டை விடுது! சூப்பர்வைசர் பாண்டீஸ்வரன் அவுத்துப் பாத்துட்டு, "ஏ மாரீஸ்வரி, ரெண்டு இலையும் ஒரு குருத்தும்தான கிள்ளச் சொன்னேன், நாலு காலும் ஒரு வாலும்ல கிள்ளிட்டு வந்திருக்க"ன்னு கேக்க, அவ விடுவாளா, "எடையைக் கழிச்சுராதீங்க சார், எக்ஸ்போர்ட் கொழுந்து"ங்கிறா. இது தாடி நிறைய இலையோட எந்திரிச்சு, ஒரு தும்மல் போட்டு, எல்லாரையும் ஒருதரம் பாத்துட்டுப் பல்லக்குல இருந்து இறங்குற மாதிரி இறங்கி நடந்துச்சு. ஆனை பிளிறினதுக்கும் தூங்கியிருக்கு, இவ்வளவு கூட்டத்துக்கும் குரைக்கல.

இப்ப என் சங்கடம் இதுதான். அந்த முடி தரையைத் தொடணும்னு நீ ரெண்டு வருசமா வளக்குற, நான் ஒரு நிமிசத்துல மாதாவுக்கு எழுதிக் குடுத்துட்டேன். பங்குச்சாமியார் ஜோபி அச்சன்கிட்ட கேட்டா, "நாய்க்கு மொட்டைன்னு புத்தகத்துல இல்ல அம்மச்சி, நேந்தவங்கதான் யோசிக்கணும்"னு சிரிச்சுட்டுப் போயிட்டார். மாதாகிட்டயும் பொய் சொல்ல முடியாது, உன்கிட்டயும் முடியாது. கத்தரியை எடுக்குறதும் வெக்கிறதுமா இருக்கேன். சரின்னு ஒரு வரி எழுது தாயி. உன் பதில் வர்ற வரைக்கும் இந்த வீட்டுல ஒத்த முடி விழாது, இது அம்மாச்சி வாக்கு.

நேரத்துக்குச் சாப்பிடு, மழையில நனையாத. இங்க இருந்தே உன் நெத்தியில சிலுவை போட்டு முத்தம் குடுத்தாச்சு.

உன் அம்மாச்சி,
மதலேனம்மாள்

பி.கு. முடி விழுந்துருச்சு தாயி. கவரை ஒட்டுறதுக்கு முன்னால தாத்தா இதை வாசிச்சுட்டு, "தொலைச்சவ நீ, மொட்டை அதுக்கா?"ன்னார். வாசல்ல பலகையைப் போட்டு உக்காந்தேன், அவரே கத்தியை எடுத்தார். கல்யாணம் ஆனதுல இருந்து அவர் கை என் தலையில இவ்வளவு நேரம் இருந்ததில்ல. இடுப்பைத் தொட்டதைத் துணியில முடிஞ்சு வெச்சிருக்கேன், செப்டம்பர் திருநாளுக்கு வேளாங்கண்ணி போறவங்ககிட்ட குடுத்து விடணும். மிலோ முடி மிலோவுக்கே. எந்திரிச்சு வீட்டுக்குள்ள வந்தேன். குரங்குக்குக் குரைக்காதது, ஆனைக்குக் குரைக்காதது, என் மொட்டையைப் பாத்துக் குரைச்சுது பாரு, லயமே வெளிய வந்துருச்சு! அடேயப்பா, என்ன குரல் தாயி! இன்னும் நிறுத்தல.