ஆபரா ஹவுஸின் சாய்ந்த தூண்

கட்டடம் கட்ட ஒரு கூட்டம், அதைப் பார்த்துப் பரவசப்பட இன்னொரு கூட்டம் என்று மனித குலம் பிரிந்த நாளில்தான் நாகரிகம் பிறந்தது. சிக்கந்தராபாத்தில் இரண்டாவது கூட்டத்துக்குச் சபையே இருந்தது: 'கட்டடக்கலை தரிசன சபை'. 1931இல் ஒரு சனிக்கிழமை காலை, தலைவர் வரதராஜன், காரியதரிசி ரூஃபஸ், அங்கத்தினர் பதினொருவர் ஆகப் பதின்மூன்று பேர் பழைய ஆபரா ஹவுஸுக்கு 'விஜயம்' செய்தார்கள்.

உள்ளே ரயில்வே ஃபிட்டர் வேதாசலம் வேலையாக இருந்தான். பால்கனியைத் தாங்கும் உத்தரத்தைக் கரையான் தின்றிருந்தது. போன மாதம் அவசரத்துக்கு ஒரு தண்டவாளத் துண்டை முட்டுக் கொடுத்திருந்தான்; அதுவும் சாய்ந்துவிட்டது. இன்றே எடுத்துவிட்டுப் புது உத்தரம் ஏற்ற வேண்டும். நாளை நாடகம். பால்கனிக்கு அடியில்தான் இரண்டணா பெஞ்சு. அவன் பெண்சாதி அன்னக்கிளி உட்காரும் இடம்.

வரதராஜன் முட்டின் முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார். பின்னால் பன்னிரண்டு தொப்பிகள் கழன்றன.

"இந்தச் சாய்வைப் பாரும், ரூஃபஸ். நேரா நிக்க எந்தத் தூணுக்கும் வரும்."

"ஹவ் சார், ஆமா. இத்தாலியன்," என்றார் ரூஃபஸ்.

"அது தூண் இல்லீங்கய்யா," என்றான் வேதாசலம். "நான் குடுத்த முட்டு."

"எத்தனாவது படிச்சே?" என்றார் ரூஃபஸ்.

"மூணு."

"அப்ப பேசாதே. சார் லண்டன்லேருந்து புஸ்தகம் தருவிச்சுப் படிக்கிறவர்."

"படிக்கட்டுங்க. இத மாத்தலேன்னா பால்கனி கீழ வந்துடும்."

இந்தத் 'தொழில்நுட்ப அபிப்பிராயத்தை' சபை அலட்சியம் செய்யவில்லை. அங்கேயே அவசரக் கூட்டம் கூடி, முக்கால் மணி நேரம் விவாதித்து, இரண்டு தீர்மானங்கள் நிறைவேற்றியது. ஒன்று, சரித்திரத் தூணை யாரும் தொடக்கூடாது என்று எழுதி ஒட்டுவது. இரண்டு, பால்கனி கனவான்களை முன்வரிசை சோபாவுக்கு மாற்றுவது.

"நீ சொன்னதை ஏத்துக்கிட்டோம்பா," என்றார் ரூஃபஸ். "மேல ஒருத்தரும் உட்கார மாட்டாங்க."

"சரிங்க. கீழ?"

"கீழ என்ன ஆபத்து? அங்கேருந்து விழ உயரமே இல்லியே."

வேதாசலம் வீட்டுக்குப் போய், "நாளைக்கு நாடகம் நக்கோ, போவாதே," என்றான்.

"பதிமூணு தொரைங்க பாத்து எழுதி ஒட்டியிருக்காங்களாம்," என்றாள் அன்னக்கிளி. "அவங்களுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்."

மறுநாள் இரண்டாம் அங்கத்தில் பால்கனி இறங்கியது.

சபையின் அறிக்கை நிதானமானது. மேலே ஒருவரும் இல்லாததால், சபையின் முன்யோசனையின் பயனாக, உயிர்ச்சேதம் இல்லை. அன்னக்கிளியோடு சேர்த்து நான்கு பேர் செத்ததை, 'தூணுக்கு நேர்ந்த சேதம்' என்ற தலைப்பின்கீழ், கடைசி வரியில் குறித்திருந்தார்கள்.