லேஞ்சி கட்டிய அலுமாரி

வாசகரே, எழுந்து நில்லுங்கள். (வேண்டாம், இருங்கள், மேடைப் பழக்கம்.) இக்கட்டுரை முடியும்வரை நீங்கள்தான் என் சாட்சி. நடுவர் பதவியே தரலாமென்று நினைத்தேன். ஆனால் நடுவர்கள் என்னை வெல்லவைத்து வெல்லவைத்தே கெடுத்துவிட்டார்கள். ஆகவே நீங்கள் சாட்சியாக மட்டும் இருங்கள். கல்முனையில், பட்டப்பகலில், பாவித்த சாமான்கள் விற்கும் ஒரு கடையின் நடுவே நின்று, ஓர் அலுமாரிக்காக நான் ஆற்றிய உரையை நீங்கள் கேட்க வேண்டும். அதில் நான் வென்றேன் என்பதையும், அப்படியொரு வெற்றி எதிரிக்கும் வாய்க்கக்கூடாது என்பதையும் பிறகு நீங்களே ஊருக்குச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு, நான் மருதமுனையின் சொற்கொண்டல். (பட்டம் வழங்கியவர் யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.) பாடசாலை விவாத மேடையில் ஏறியவன் அதன்பிறகு இறங்கவேயில்லை. வீட்டில் ஒரு பிளேன்டீ கேட்பதென்றாலும் மூன்று காரணங்களை முன்வைத்தே கேட்பேன். மேடை எனக்குத் தந்த பழக்கங்களுள் ஒன்றை மட்டும் நீங்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். அது மணி. நேரக் கணிப்பாளர் மணியடித்துவிட்டால், வாக்கியத்தின் எந்த மூலையில் நின்றாலும் சட்டென்று தொகுத்து, நன்றி கூறி, பெயரையும் ஊரையும் அறிவித்து அமர்ந்துவிட வேண்டும். இது என் இரத்தத்தில் ஊறியிருந்தது. ஒருமுறை, வீதியால் போன ஐஸ்பழக்காரரின் மணிக்கும் நான் நன்றி கூறி அமர்ந்திருக்கிறேன்.

இவ்வாறு வென்று குவித்த கப்புகளோ வீட்டில் அனாதைகளாகக் கிடந்தன. ஒன்றில் உம்மா உள்ளி போட்டு வைத்திருந்தார். இன்னொன்றில் நெருப்புப்பெட்டிகள். எல்லாவற்றிலும் பெரிய கப்பில் அகப்பைகள் தலைகீழாகக் குத்தி நின்றன.

அந்நிலையில்தான் நிந்தவூரில் எனக்குப் பெண் பேசினார்கள். எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் முடித்தால் பெண் எங்கும் போகமாட்டாள். மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பார். உம்மாவும் என் மூத்த சகோதரி ராத்தாவும் போய்ப் பெண்ணைப் பார்த்து வந்தார்கள். நான் என் படத்தை அனுப்பியிருந்தேன்: கோட்டு, டை, மூக்குக்கண்ணாடி, இரு கைகளிலும் கப்பு. பெண்ணின் பெயர் ஷிபானா. படத்தைப் பார்த்துவிட்டு அவள் ராத்தாவிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதானாம்.

"இவர் ஊட்டுலயும் மைக் பிடிச்ச மாதிரித்தான் கதைப்பாரா?"

ராத்தா வந்து சொன்னதும் வீடே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. என்னிடம் பதில் இல்லாத ஒரு கேள்வியை முதன்முதலாக ஒருத்தி கேட்டிருந்தாள். அந்த இடத்திலேயே நான் கவிழ்ந்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை நான் நேரில் போவதென்று ஏற்பாடாயிற்று. இந்தக் கல்யாணம் எப்படியாவது கைகூட வேண்டும் என்று அந்த வாரம் நான் கேட்ட துஆக்களில் ஒரு சொல்லணிகூட இருக்கவில்லை என்றால், என் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு கொள்கையும் பிறந்தது. பெண் வீட்டில் குடியேற நான் வெறுங்கையோடு போகக்கூடாது. என் கப்புகளை அடுக்கும் அலுமாரியை நானே சுமந்துகொண்டு போவேன். (சுமப்பது பட்டா லொறி, கம்பீரம் என்னுடையது.)

அந்தக் கொள்கையோடுதான் செவ்வாய்க்கிழமை கல்முனையில் ஹனீபா காக்காவின் கடைக்குள் நுழைந்தேன். சாரனும் சேர்ட்டுமாக, தலையில் ஹெல்மெட்டோடு. கழற்ற மறந்துவிட்டேன். கடையில் ஜப்பான் சைக்கிள்கள், இறக்கையில்லாத காற்றாடிகள், மடிக்க முடியாத மடிப்புக் கதிரைகள் எல்லாம் கிடந்தன. சுவர் நிறையப் பழைய மணிக்கூடுகள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு நேரத்தை நம்பிக்கொண்டிருந்தது. அவற்றின் நடுவே நின்றது அந்தத் தேக்கு அலுமாரி. இரட்டைக் கண்ணாடிக் கதவு, உச்சியில் கிரீடம் போல ஒரு வளைவு. கண்ணாடியில் மட்டும் தூசி. துடைப்பதற்கென்றே கைப்பிடியில் ஒரு கைக்குட்டை, எங்கள் வழக்கில் லேஞ்சி, கட்டியிருந்தது. காக்காவின் முன்யோசனையை மெச்சியபடி அதை அவிழ்த்தேன். கண்ணாடியை நன்றாகத் துடைத்தேன். உள்ளே என் கப்புகள் மின்னுவதைக் கற்பனையில் பார்த்துப் புன்னகைத்தேன்.

"தம்பி, அது என்ட லேஞ்சி!"

திரும்பினேன். கறுப்பு அபாயாவில் ஒரு பெண்மணி. முகம் மூடியிருந்தது. கண்கள் மட்டும் தெரிந்தன, அவையும் என் கையிலிருந்த லேஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நான் பிடிச்சு வெச்சிட்டுப் போன அலுமாரி இது. உள்ளுக்கு சிக்னல் இல்ல. செவருட அளவு கேக்க மகளுக்குக் கோல் எடுக்கப் போனன். அதுக்குள்ள அவுத்துட்டீங்களே!"

"மன்னிக்க வேணும் மாமி. இதைத் தூசி துடைக்கிற துணியெண்டு நெனச்சிட்டன்."

"ஆருக்கு ஆரு மாமி? பஸ்ஸில யன்னலால லேஞ்சியப் போட்டா சீட்டு ஆருக்கு? போட்ட ஆளுக்குத்தானே? அலுமாரிக்கு மட்டும் வேற சட்டமா?"

ஹனீபா காக்கா இரு கைகளையும் விரித்தார். "நான் சோறு தின்னப் போயிருந்தன். லேஞ்சியயும் காணல்ல, ஆளயும் காணல்ல. நீங்களே ரெண்டு பேரும் கதைச்சுப் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

கதைத்துப் பேசி! வாசகரே, ஆட்டுக்குக் கிடைத்த அகத்திக்கீரை போல அச்சொல் என் காதில் விழுந்தது. அருகில் ஒரு முக்காலி விலைக்குக் கிடந்தது. ஏறிவிட்டேன்.

"மாண்புமிகு எதிரணித் தலைவி அவர்களே! பேருந்தில் இடும் லேஞ்சி பயணத்தின் முன்னறிவிப்பு. பேருந்து புறப்படும், இருக்கையும் அதனுடன் புறப்படும். அலுமாரி புறப்படுமா? நிற்கும் பொருளுக்கு ஓடும் பொருளின் சட்டத்தைப் பொருத்துவது எந்த ஊர் நியாயம்?"

காற்றாடி வாங்க வந்த ஒருவர் காற்றாடியைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி செல்றதுலயும் ஒரு ஞாயம் இரிக்கிதான்," என்றார். அந்த ஒரு வாக்கியம் என்னைப் பாழாக்கியது. வாசலில் இன்னும் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"எனக்கில்ல தம்பி," என்றார் அந்தப் பெண்மணி, பொறுமையாக. "மகளுக்குப் பேசியிரிக்கிற மாப்புளைக்கு. படிச்ச புள்ள. அவருட சாமானெல்லாம் கண்ணாடிக்குள்ள இரிந்தாத்தான் அழகு."

அவ்விடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். மனிதன் என்றால் நிறுத்தியிருப்பான். நான் பேச்சாளன்.

"கேட்டீர்களா சபையோரே! மாப்பிள்ளைக்காம்! ஒரு தாய் வெயிலில் அளவெடுத்து அலைகிறார். அந்த மாப்பிள்ளை எங்கே? ஏசி அறையில் சென்ட் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருப்பார்! தன் பொருளை வைக்கத் தானே ஓர் அலுமாரி வாங்க வக்கில்லாதவருக்கு முதுகெலும்பு என்று ஒன்று உண்டா? மாமி, உரிமையோடு கேட்கிறேன், அப்பேர்ப்பட்ட ஆளுக்கு மகளைக் கொடுக்கத்தான் வேண்டுமா? இன்னும் ஒருமுறை யோசியுங்கள்! நானோ, மேலும்..."

டாங்.

சுவரில் ஒரு கிழட்டு மணிக்கூடு தனக்குத் தோன்றிய நேரத்தில் தனக்குத் தோன்றியவாறு அடித்தது. என் நாக்கு என்னைக் கேட்கவில்லை.

"...எனவே, இவ்வலுமாரி எனக்கே உரியது எனக் கூறி, வாய்ப்பளித்த அனைவருக்கும் நன்றி சொல்லி விடைபெறுபவன், மருதமுனை றிஸ்வான்!"

கைதட்டல். காற்றாடிக்காரர் விசிலும் அடித்தார். அந்தப் பெண்மணியின் கண்கள் மட்டும் என் ஹெல்மெட்டிலிருந்து சாரனின் விளிம்புவரை மெதுவாக இறங்கி, மறுபடியும் மெதுவாக ஏறின.

"மருதமுனையா? இந்த டிபேட் பேசுற றிஸ்வானா?"

"கேள்விப்பட்டிருப்பீங்க," என்றேன், அடக்கத்தோடு. (அது அடக்கம் என்றுதான் அன்று நினைத்தேன்.)

"நல்லாக் கேள்விப்பட்டிரிக்கன் மனே." பிறகு காக்காவின் பக்கம் திரும்பினார். "காக்கா, அவருக்கே குடுங்க. கவனமா ஏத்தச் சொல்லுங்க, கண்ணாடி ஒடஞ்சிராம."

கண்ணாடி உடையக்கூடாதென்று அவர் ஏன் கவலைப்பட வேண்டும்? கேட்கத் தோன்றவில்லை. தோற்றவரின் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். அலுமாரி லொறியில் ஏறியது. லேஞ்சி, எப்படியோ, என் சட்டைப் பைக்குள் ஏறியது. வீட்டில் உம்மா அதைத் தோய்த்து மடித்து, வெள்ளிக்கிழமைக்கென்று எடுத்துவைத்த என் புதுச் சேர்ட்டின் பையில் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிந்தவூர். நான், வாப்பா, உம்மா, ராத்தா. பெண்ணின் தந்தை வாசலுக்கே வந்து கட்டித் தழுவினார். சொகுசான கதிரை, மின்விசிறி, குளிர்ந்த நெல்லிரசம். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. என் எதிரே சுவரில் சோக்கினால் இரண்டு கோடுகள் கீறியிருந்தன. அவற்றுக்கு நடுவே வெறும் சுவர்.

"இதென்ன அடையாளம் மச்சான்?" என்று கேட்டார் வாப்பா. என் வாழ்நாளில் அவர் கேட்ட தேவையற்ற கேள்விகளுள் இதற்கே முதலிடம்.

"அதுவா?" என்றார் பெண்ணின் தந்தை. "மருமகன்ட கப்பெல்லாம் அடுக்க ஒரு அலுமாரி பார்த்திருந்த. என்ட பொஞ்சாதிதான் அளவெடுத்துக் கீறி வெச்ச. கல்முனைக்கிப் போனா, ஆரோ ஒரு வாயாடி முக்காலில ஏறி நிண்டு பேசிப் பேசியே அதக் கொண்டு போயிட்டானாம். பேரக் கேட்டா இவ செல்றாளில்ல, சிரிக்கிறாள்."

மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. எனக்கு மட்டும் வியர்த்தது. நெற்றியில் தொடங்கி, கழுத்தில் இறங்கி, முதுகெலும்பு வழியாக (ஆம், அன்றுதான் அது எனக்கும் உண்டு என்று தெரிந்தது) வழிந்தது. பைக்குள் கைவிட்டு, அகப்பட்டதை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

உள்வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, அது என்ட லேஞ்சி."

நான் எழுந்துவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முதலாவதாக என்று தொடங்கப் பார்த்தேன்; முதலாவது என்று எதுவுமே இருக்கவில்லை. ராத்தா என் கையிலிருந்த லேஞ்சியையும் சுவரிலிருந்த கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கத் தொடங்கினாள்.

"இரிங்க மனே," என்றார் அந்தத் தாய், எதிரே வந்து அமர்ந்தபடி. "அண்டைக்கே ஒரு சொல்லுல உங்கள நிப்பாட்டியிருப்பன். மறுகா நெனச்சன், இந்தக் கல்யாணம் நடந்தா அந்த அலுமாரி எங்க போகும்? என்ட ஊட்டுக்குத்தான் வரும். காசும் உங்கட, லொறியும் உங்கட, தூக்குற ஆளும் உங்கட. எனக்கென்ன நட்டம்?"

சாட்சியே, கவனித்தீர்களா? முக்காலியில் ஏறி முழங்கியவன் நான். இரண்டே வாக்கியத்தில் அலுமாரியை வென்றவர் அவர்.

"அது போகட்டும். மாப்புளயப் பத்தி இன்னொரு தரம் யோசிங்க எண்டும் சென்னீங்க." அவர் குரலில் இப்போது சிரிப்பில்லை. "யோசிச்சன்."

வாப்பா நெல்லிரசத்தைக் கீழே வைத்தார். உம்மாவின் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன. சென்ட் போத்தல், முதுகெலும்பு, வக்கில்லாதவர். நான் வாரியிறைத்த சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து என் மடியில் உட்கார்ந்தன. அந்த நிமிடத்தில் என் கப்புகள் அத்தனையையும் உருக்கி, சம்மதம் சொல்லும் ஒரேயொரு 'ஓம்' வார்த்துத் தருவதாக யாராவது சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேன்.

"என்ட யோசினை கிடக்கட்டும். வாழப் போறது அவள். எல்லாத்தயும் ஒண்டு விடாமச் செல்லிட்டன்," என்று உள்வாசல் திரைச்சீலையைப் பார்த்தார். "என்னகா செல்றாய்?"

திரைச்சீலை ஒருமுறை அசைந்தது. பிறகு அதற்குப் பின்னாலிருந்து, சிரிப்பை அடக்க முயன்று தோற்ற ஒரு குரல் வந்தது.

"மணி அடிச்சா நிப்பாட்டுறாரே உம்மா. எத்தின ஆம்புளைகள் நிப்பாட்டுற? எனக்கு இவரே போதும்."

முதலில் வெடித்தது ராத்தா. பிறகு பெண்ணின் தந்தை, என் மாமா. வாப்பா சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கி, யாரோ அவர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

அலுமாரி இப்போது நிந்தவூரில், அந்தச் சோக்குக் கோடுகளுக்கு நடுவே அச்சொட்டாகப் பொருந்தி நிற்கிறது. அளவெடுத்தவர் அப்படி. கப்புகளும் உள்ளே மின்னுகின்றன, பெரியது மட்டும் அங்கில்லை. அது சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. நான் மூன்றாவது காரணத்தைத் தொடும்போது ஷிபானா கரண்டியால் அதில் ஒரு தட்டுத் தட்டுவாள். நானும் நன்றி கூறிச் சோற்றில் கைவைப்பேன். லேஞ்சியும் இன்னும் பணியில்தான் இருக்கிறது. காற்றாடிக்கு நேரே உள்ள கதிரையில் சிலநாள் கட்டியிருக்கும். பெருநாளன்று கடைசி வட்டிலப்பக் கிண்ணத்தில் கட்டியிருக்கும்; கட்டியவர் மாமி. விருந்தாளிகள் யாராவது இதென்ன லேஞ்சி என்று கேட்டுவிட்டால் போதும், மாமா எழுந்துபோய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைப்பார். மிச்சத்தை ஹெல்மெட் உட்பட எல்லோருமாக நடித்துக் காட்டுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு, மாமி என்னைப் பார்த்து, "இனிச் செல்லுங்க மனே, ஆருக்கு ஆரு மாமி?" என்று கேட்டார். நான் லேஞ்சியை நான்காக மடித்து அவர் கையில் கொடுத்தேன். பிறகு, முக்காலி ஏதுமில்லாமல் வெறுந்தரையில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"மாமி, இந்த ஊட்டுல நீங்க லேஞ்சி கட்டின எதுலயும் நான் கை வெக்க மாட்டன், வாயும் வெக்க மாட்டன். மணி அடிச்சா எந்த இடத்திலயும் நிப்பாட்டுவன். இவ்வாறு வாக்களித்து அமர்பவன், மருதமுனை... இல்ல, உங்கட மருமகன்."