மிஸ்ஸியின் கிளச் கேபிள்

வன்னியில் கார் ஓட்டிய அத்தனை பேரையும் வரிசையில் நிற்கவிட்டால் முதலாவதாக நிற்க வேண்டியவர் எங்கள் மிஸ்ஸி. இரண்டாம் இடத்துக்கு நான் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மிஸ்ஸி, ஓய்வுபெற்ற மருத்துவிச்சி. எங்கள் ஊர் புளியங்குளத்தில் பாதிச் சனம் அவருடைய கையில் பிறந்தது. அதனால் அவரிடம் போய்ச் சொந்தப் பெயர் என்னவென்று கேட்கிற துணிவு ஒருவருக்கும் வரவில்லை. அவருடைய கார் அவரைவிடச் சில வயதுதான் இளமை. அதன் கிளச் கேபிள் நைந்து, நீண்டு, தொய்ந்து போயிருந்தது.

"புதுசு ஒண்டு வாங்கிப் போடலாமே மிஸ்ஸி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாரி நொந்தா நீர் புது நாரியே தம்பி வாங்கிறனீர்?" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

கிழமைக்கொருமுறை கோயிலடி மரநிழலில் காரின் பொனற் மூடி திறக்கும். கேபிள் நுனியில் இருக்கிற நட்டை இளக்கி, தொய்வை எடுத்து, மறுபடி இறுக்குவார். "கூட இறுக்கினா கிளச் வழுக்கும். கூட விட்டா கியர் விழாது," என்பார். கிளச்சை மிதித்துக் காட்ட ஆள் வேண்டுமே. வீதியில் போகிறவரைப் பிடித்து டிரைவர் சீற்றில் இருத்திவிடுவார். தபால்காரர் மிதித்திருக்கிறார். கலியாணம் செய்துவைக்கப் போய்க்கொண்டிருந்த ஐயரும் ஒருமுறை அகப்பட்டார்.

"முகூர்த்தம் போயிடும் பிள்ளை," என்றார் ஐயர்.

"மந்திரத்தை இங்கயே தொடங்குங்கோ ஐயா. மிதிச்சுக்கொண்டு சொல்லலாம்."

நிறைமாதமாக இருந்த என் மனைவிக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கியது வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று மத்தியானம். ஊரில் இருந்த ஓட்டோக்கள் எல்லாம் அங்கே போய்விட்டன. மிஸ்ஸியின் கார் ஒன்றுதான் மிச்சம். வவுனியா ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். ஓமந்தைக்குக் கிட்ட கிளச் மிதி தரையோடு போய் ஒட்டியது. கியர் விழவில்லை.

மிஸ்ஸி காரை ஓரங்கட்டினார். என்னை டிரைவர் சீற்றில் இருத்திவிட்டு, பொனற்றுக்குள் தலையை விட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மூச்சை இழும். விடும். இப்ப மிதியும்."

நான் மூச்சை இழுத்தேன். பின்சீற்றிலிருந்து மனைவி என் சீற்றின் முதுகில் மிதித்தாள்.

"மூச்சு பின்னால இருக்கிற பிள்ளைக்கு. மிதி தம்பிக்கு," என்றது குரல்.

சிரிக்கிற நிலையில் நாங்கள் இல்லை. மனைவி என் சட்டைக் கொலரைப் பிடித்த பிடியில் தையல் விட்டது. பயம் தாங்காமல் இறங்கி முன்னால் ஓடினேன். மிஸ்ஸி கேபிளின் அறுந்த இழைகளை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலைஞ்சு இழைதான் மிச்சம். ஆஸ்பத்திரி வரைக்கும் போகக் காணும்," என்றார். பிறகு நட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "முந்தி ஒருக்கா, வாகனம் இல்லாமல் ஒரு தாயைச் சாக விட்டிட்டன் தம்பி. அதுக்குப் பிறகுதான் இந்தக் காரை வாங்கினனான். போய் இரும். மிதியும்."

போய் மிதித்தேன். கியர் விழுந்தது.

மறுபடி டிரைவர் சீற்றுக்கு வந்த மிஸ்ஸி, அங்கிருந்து கிளச்சை வீணாகத் தொடவில்லை. மாடு, சைக்கிள், லொறி எல்லாவற்றுக்கும் ஹோர்னை மட்டும் அழுத்தினார். ஆஸ்பத்திரி வாசலில் கேபிள் அறுந்தது. கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. அரை மணித்தியாலத்தில் மகள் பிறந்தாள். மிஸ்ஸி பிள்ளையைக் கையில் வாங்கி, விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

போன வருசம் மிஸ்ஸியின் மகன் அவரைக் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். அங்கே மகனின் காரில் கிளச்சே இல்லையாம்.

"இடது கால் சும்மா கிடக்குது தம்பி," என்றார் போனில்.

"எப்ப வாறியள் மிஸ்ஸி?"

"பாப்பம்."

மிஸ்ஸி எழும்பும் நேரம் பார்த்துப் போன் எடுப்பதால், கனடாவில் எத்தனை மணிக்கு விடியும் என்பது இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.