வீரபாகு சொன்னதை நம்பாதே

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
11.6.2007

கோட்டையில் நாற்காலியும் தலைக்கு மேல் மின்விசிறியும் வாய்க்கப்பெற்ற மைத்துனர் சிரஞ்சீவி சிவபாலனுக்கு, உன் அக்காள் தில்லையம்மாளின் கணவன் திருஞானசம்பந்தம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் சௌக்கியம். அங்கு நீயும் வீட்டாரும் சௌக்கியமாக இருக்க ஏகாம்பரநாதர் பார்த்துக்கொள்வார். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருடம் கடிதம் எழுதியவன் என்பதால் வளவளவென்று போகாமல் விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை நீ போனில் பேசியது என்னோடு இல்லை.

அது பக்கத்து வீட்டு வீரபாகு. "மாமா, வீடுகளுக்கு மலிவு விலையில இன்டர்நெட் குடுக்கிற திட்டம் இருக்குதே, அதுக்கு ஜூலையிலிருந்து பணம் ஒதுக்கலாமா நிறுத்தலாமான்னு ஃபைல் என் டேபிளுக்கு வந்திருக்குது, உங்க அனுபவம் எப்படி?" என்று நீ மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறாய். அந்த மனுஷன் "நிறுத்துப்பா, தண்டச் செலவு, அந்தத் துட்டுல ரோடு போடு" என்று உத்தரவு போட்டுவிட்டு, நேரே மதில் மேல் எட்டிப் பார்த்து, "உன் மச்சான் தங்கமான புள்ளப்பா, சொன்னா கேட்டுக்கிறான். சளி புடிச்சிருக்குதா மாமான்னு கேட்டான், ஆமான்னுட்டேன்" என்றார். நீ அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். என் குரலுக்கும் வீரபாகு குரலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சளியில் தள்ளிவிட்டாயே, நியாயமா?

என் போன் எப்படி அவர் வீட்டில் அடித்தது என்று கேட்பாய். பங்குனியில் எங்கள் தெரு அம்மன் சப்பரம் வந்தபோது, கம்பத்திலிருந்து எங்கள் இரண்டு வீட்டுக்கும் போகிற ஒயர்கள் அதன் உச்சியில் மாட்டி, சப்பரத்தோடு நாலு அடி ஊர்வலம் போய் அறுந்து விழுந்தன. போன் ஆபீசில் திருவிழா முடிந்து வருகிறோம் என்றார்கள். ஆனால் தினமும் கோயம்புத்தூரிலிருந்து எங்கள் மகள் குழலி கம்ப்யூட்டரில் வருவாள், அந்த நேரத்தில் எமனே வந்தாலும் உன் அக்காள் வாசலில் நிற்க வைப்பாள். தறியில் பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முறுக்கிச் சேர்ப்பதுதான் அவள் தொழில் என்பது உனக்குத் தெரியும், விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் முறுக்குகிறவள். "நாலே நாலு இழை, இதுக்கு ஒரு ஆபீசரா?" என்று திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டாள். பாவில் இடது ஓரத்து இழை இடது ஓரத்தோடுதான் சேர வேண்டும், இவளும் அந்த ஒழுங்கில்தான் முறுக்கினாள். சப்பரம் இழுத்த இழுப்பில் ஒயர்கள் இரண்டும் இடம் மாறிக் கிடந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து என் போன் அவர் வீட்டில் அடிக்கிறது, அவர் போன் என் வீட்டில் அடிக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, உன் அக்காள் இந்தக் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் ஒட்டுவாள்.

புகார் கொடுக்காமல் இருந்தேனா? மூன்று முறை கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஆபீசிலிருந்து என் நம்பருக்குப் போன் போட்டு, "போன் வேலை செய்யுதா?" என்று கேட்பார்கள். அதை வீரபாகு எடுத்து, "ஜோரா வேலை செய்யுதுபா" என்பார். புகார் முடிந்தது என்று எனக்குக் கடிதம் வரும்.

இன்டர்நெட்டுக்கு மட்டும் குறைவில்லை. வீரபாகுவும் இதே திட்டத்தில் சேர்ந்தவர்தான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, இன்டர்நெட் பெட்டி இலவசம் என்றதும் கையெழுத்துப் போட்டார். அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பச்சை விளக்கு சிமிட்டுவது அவருக்குப் பிடித்திருக்கிறது. போன வாரம் கணக்கெடுக்க கமலவேணி என்று ஒரு பெண் வந்தது. "சார், ரெண்டு மாசமா உங்க வீட்டுல யூசேஜ் சைபர்" என்றது. அதன் முதுகுக்குப் பின்னால் குழலி திரையில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் அம்மாவிடம் சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்! "திரும்பிப் பாரும்மா" என்றேன். "நான் பாக்கவேண்டியது லிஸ்ட்டு சார்" என்று சைபரைச் சுழித்துக்கொண்டு போய்விட்டது.

அந்த சைபரும் வீரபாகுவின் உத்தரவும் சேர்ந்து உன் மேஜைக்கு வரப்போகிறது, அதனால்தான் இந்தக் கடிதம். அப்பா, சிவபாலா, உனக்குத் தெரியாதது இல்லை. நம் குழலிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அவள் புருஷனுக்கும் அப்படியே. ஊரெல்லாம் போன் வந்து இத்தனை வருடமாகியும் எங்கள் வீட்டுக்கு அது வெறும் மணியாகத்தான் இருந்தது. அவளுக்கு டைஃபாய்டு வந்தது கடிதமாக எங்களுக்கு வருவதற்குள் அவள் எழுந்து வேலைக்கே போய்விட்டாள். முதல் நாள் திரையில் முகத்தைப் பார்த்தபோது உன் அக்காள் மாவுக் கையோடு பேச ஆரம்பித்தவள், கம்ப்யூட்டர் முழுக்க அரிசி மாவு ஆகும்வரை நிறுத்தவில்லை. நானும் அழுதேன், அதை ஃபைலில் சேர்க்க வேண்டாம். அரசாங்கம் பாதியைப் போடுவதால்தான் என் பென்ஷனில் இது ஓடுகிறது. முழுவதையும் நானே கட்டு என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆவணியில் அவள் தலைப்பிரசவத்துக்கு இங்கே வருகிறாள். பிள்ளை பிறந்ததும் கோயம்புத்தூரில் இருக்கிற மாப்பிள்ளைக்கு நான் போன் போட்டு எந்தக் காதில் சொல்வேன்? ரோடு போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? குடிநீர்க் குழாயை வீட்டுக்கு வீடு இழுத்ததுபோல இதையும் ஒரு வேலையாக நினைத்து நடத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். சைபருக்குக் காரணம் ஒயர் மாற்றம் என்று குறிப்பு எழுதி, லைன்மேனை அனுப்பி, வீரபாகு சொன்னதை அடித்துவிடு.

குழந்தைகளுக்கு எங்கள் முத்தங்கள். சம்சாரத்துக்கு உன் அக்காள் ஒரு சேலை பார்த்து வைத்திருக்கிறாள், நிறம் கேட்காதே. எல்லா நலமும் உங்களைத் தேடி வரட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
தி.சம்பந்தம் (சளி இல்லை)

பி.கு.: தபால்தலை ஒட்டியாகிவிட்டது, அதற்குள் கமலவேணி மறுபடி வந்தது. என் வீட்டுக்கு இல்லை, வீரபாகு வீட்டுக்கு. லிஸ்ட்டில் மாவட்டத்திலேயே அதிகம் இன்டர்நெட் பயன்படுத்துகிறவர் வீரபாகுவாம்! "அறுபத்தெட்டு வயசு நெசவாளர் தினமும் பயன்படுத்துறார், இத விட என்ன அத்தாட்சி வேணும்? திட்டத்த நிறுத்தவே கூடாது"ன்னு அவங்க அதிகாரியே எழுதப்போறாராம், வெள்ளிக்கிழமை நேர்ல பார்த்துச் சால்வை போட வர்றாராம். ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. குறிப்பு எழுதாதே, லைன்மேனை அனுப்பாதே, கடிதத்தைக் கிழித்துப்போடு. வீரபாகு "நான்தான் பயன்படுத்துறேன்னு பொய் சொல்லமாட்டேன்பா"ன்னு முறுக்கிக்கினுதான் இருந்தார். கையைப் புடிச்சு இழுத்துக்கினு வந்து எங்க கம்ப்யூட்டர் முன்னால உட்கார வெச்சேன். குழலி அவரைப் பார்த்துட்டு, அஞ்சு விரலையும் குவிச்சு வாய்கிட்ட கொண்டுபோய், புருவத்தைத் தூக்கினா. மனுஷன் வயித்தைத் தடவிக் காட்டினார். "சாப்ட்டீங்களான்னு கேக்குதுப்பா புள்ள! இத்தையா நான் நிறுத்தச் சொன்னேன்?"னு என்னைத் திட்டினார். ரெண்டு மணி நேரமாச்சு, இன்னும் எழுந்திருக்கல. நீ எங்க நம்பருக்கு ஒரு போன் போடு. வீரபாகுதான் எடுப்பார். இந்தத் தடவை அவர் சொல்றதைக் கேளு.