டெஸ்மரின் காகிதங்களுக்குத் தாகம்

எங்கள் கோல்டர் ஃபோர்க்குக்கு ஒரு பெரிய மனிதர் அவசரமாகத் தேவைப்பட்டார். வயோமிங் மாநிலத்தில் ஊர் என்று ஒன்று இருந்தால் அதற்குச் சரித்திரம் வேண்டும். சரித்திரம் இருந்தால்தான் சுற்றுலா பஸ் நிற்கும். பக்கத்து ஊரில் குதிரைத் திருடன் ஒருவனைத் தொங்கவிட்ட மரம் இருக்கிறது. கோடையில் அந்தப் பட்ட மரத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு நாலு பஸ் வருகிறது. எங்களிடம் இருந்தவை காற்று, செம்மறியாடு, அறுநூற்றுப் பதினோரு மனிதர்கள். அந்த அறுநூற்றுப் பதினோரு பேருக்கும் முடிவெட்டிச் சவரம் செய்கிறவன் நான், வெண்டல். ஊரில் எல்லாத் தலையும் என் கைக்குள் வந்து போவதால் நான் சொல்வதை நம்பலாம்.

கடைசியில் ஆண்டவன் கண் திறந்தான். மாய்தே எட்சார்ட்டின் ஆட்டுப் பண்ணையில், பாழடைந்த கொட்டகையில், ஒரு தகரப் பெட்டி அகப்பட்டது. ஆர்ரின் டெஸ்மர் என்பவருடையது. 1884இல், ரயில்கூட வராத நாளில், சுத்தியலும் கோவேறு கழுதையுமாக இந்தப் பக்கத்து மண்ணையும் பாறையையும் ஆராய்ந்துகொண்டு திரிந்தவர். பெட்டிக்குள் பதினாறு நோட்டுகள், கடிதங்கள், கையால் வரைந்த நிலப்படங்கள், ஒரு கம்பளிக் கால்சட்டை, காலி அவரை டப்பா, ஓர் எலிக்கூடு. மாய்தே அதை ஊருக்கு இனாமாகக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டாள். ஒரு வரிகூடப் படித்துப் பார்க்கவில்லை. ஆடு குட்டி போடுகிற மாதத்தில் எந்தப் பண்ணைக்காரி நோட்டுப் படிப்பாள்?

பெட்டியில் டெஸ்மரின் புகைப்படம் ஒன்றும் இருந்தது. நெஞ்சு வரைக்கும் தாடி. அவ்வளவுதான், ஊரில் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் தாடி வளர்க்க ஆரம்பித்தார்கள். என் சவரத் தொழில் படுத்துவிட்டது. வாழ்நாளில் ஒரு வேர்க்கடலையைக்கூட உடைத்தறியாத வங்கி மேலாளர் இடுப்பில் சுத்தியலைத் தொங்கவிட்டுக்கொண்டு அலுவலகம் போனார். சாப்பாட்டுக் கடையில் வழக்கமான அவரை சூப்புக்கு 'முன்னோடி சூப்' என்று பெயர் வைத்தார்கள். ருசி மட்டும் பழைய ருசிதான்.

பிறகு அந்தப் பெட்டிக்கென்றே ஊர் மேட்டில் ஒரு காப்பகம் எழுந்தது. கல் கட்டடம், முன்னால் பச்சைப் பசேலென்று புல்தரை. எங்கள் ஊரில் தானாக முளைப்பது முட்புதர் ஒன்றுதான் என்பதால் புல்லைப் பார்க்கவே பாதிப் பேர் போனோம். கிழக்கேயிருந்து லேலண்ட் ப்ரூயிட் என்பவர் தலைமைக் காப்பாளராக வந்து சேர்ந்தார். திறப்பு விழாவில் அவர் தம் தொழிலின் தலையாய தர்மத்தை எங்களுக்கு விளக்கினார். எழுதியவர் தம் காகிதங்களை எந்த வரிசையில் வைத்துவிட்டுப் போனாரோ, அந்த வரிசையை மாற்ற மாந்தர் எவருக்கும் உரிமை கிடையாது.

"அப்ப எலிக்கூடு?" என்று கேட்டேன்.

"ஏழாவது நோட்டுக்கும் கால்சட்டைக்கும் நடுவுல. அதே இடத்துலதான் இருக்கு. டெஸ்மரோட மனசு எப்படி வேலை செஞ்சுதுன்னு அதுல தெரியுது."

"எலியோட மனசு இல்லையா சார்?"

"அதை ஆய்வாளர்கள் முடிவு பண்ணட்டும்" என்றார் ப்ரூயிட். கூட்டம் கைதட்டியது.

அடுத்த கோடையில் மாய்தேயின் கிணறு வற்றியது. நூற்று நாற்பது வருஷம் ஓயாமல் ஊறிய கிணறு. நானூறு தாயாடுகள் தொட்டியைச் சுற்றி நின்று கத்துவதை நானே பார்த்தேன். டெஸ்மர்தான் அந்தக் கிணற்றுக்கு இடம் குறித்தவர் என்று அவள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்படியானால் வேறெங்கே தண்ணீர் இருக்கிறது என்றும் நோட்டில் எழுதியிருப்பார் அல்லவா? சவரக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நான் அவளோடு கிளம்பினேன்.

ப்ரூயிட் எங்களை மரியாதையாகத்தான் வரவேற்றார்.

"எந்த நோட்டு வேணும் மேடம்?"

"தண்ணியப் பத்தி எழுதின நோட்டு."

"அது எதுன்னு எங்களுக்குத் தெரியாதே."

"நீங்க படிக்கலையா?"

"நாங்க பாதுகாக்கிறவங்க மேடம். படிக்க ஆரம்பிச்சா பாதுகாக்க நேரம் எங்க இருக்கு?"

வாசகர் அட்டைக்கு ஆறு வாரம் ஆனது. அதற்குள் எழுபது ஆடுகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள். அட்டை வந்த அன்று பேனா, பை, தொப்பி, தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு ப்ரூயிட் அவள் கைகளைப் பார்த்தார்.

"மன்னிக்கணும். கை கழுவிட்டுத்தான் நோட்டைத் தொடணும். இந்தக் கை இன்னைக்குக் கழுவின கை மாதிரி தெரியலையே."

"கழுவத் தண்ணி இல்லாமத்தானே சார் உங்ககிட்ட வந்திருக்கேன்!"

"அதனால என்ன? நம்மகிட்ட தாராளமா இருக்கு" என்று குழாயைக் காட்டினார்.

மாய்தே கை கழுவினாள். ஏதோ தோன்றியவளாக ஒரு கை அள்ளிக் குடித்தாள். இன்னொரு கை குடித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெண்டல், இதைக் குடிச்சுப் பாரு."

குடித்தேன். நாக்கில் துருப்பிடித்த ஆணி வாடை. எட்சார்ட் பண்ணைக்குப் போய் ஒரு குவளை தண்ணீர் குடித்தவன் எவனும் அந்த ருசியை மறக்கமாட்டான்.

"இந்தத் தண்ணி எங்கிருந்து சார் வருது?" என்றாள் மாய்தே.

ப்ரூயிட்டுக்கு ஒரே பெருமை. "சொந்தக் கிணறு. பின்னாடி ஆழமா போட்டது. உங்க ஊர்க் காத்து எவ்வளவு வறட்சி! பழைய காகிதம் அப்பளமா நொறுங்கிடும். அதனால ராத்திரி பகலா பம்ப் ஓட்டி, கூடத்துக்குள்ள எப்பவும் ஈரம் குறையாம வச்சிருக்கோம். மிச்சம்தான் புல்லுக்கு."

மாய்தே போய் உட்கார்ந்து முதல் நோட்டிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். நாலு நாள் படித்தாள். ஒன்பதாவது நோட்டில், எலி தின்றது போக மிச்சமிருந்த பக்கத்தில், டெஸ்மர் தெளிவாக எழுதியிருந்தார்: 'எட்சார்ட் என்பவனுக்கு இன்று கிணறு குறித்தேன். நல்ல நீர். ஆனால் இந்தச் சரளைப் படுகை ஒரே கிணற்றுக்குத்தான் தாங்கும். மேட்டில் இன்னொன்று தோண்டினால் இது சாகும்.'

அந்த மேட்டில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் மாநிலத்தில் முந்தித் தோண்டியவனுக்கே முதல் தண்ணீர். இது சட்டம். மாய்தேயின் கிணறு முந்தியது என்பதற்கு அத்தாட்சியும் கையில் கிடைத்துவிட்டது. அவள் முகத்தில் இரண்டு மாதத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

"பம்பை நிறுத்துங்க சார்" என்றாள்.

ப்ரூயிட் பக்கத்தை ஆழ்ந்து படித்தார். அவர் அந்தச் சேகரிப்பில் படித்த முதல் பக்கம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க பக்கம் முழு நியாயம் இருக்கு மேடம். ஆனா யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு இருக்கிற ஒரே சாட்சி இந்த நோட்டு. பம்பை நிறுத்தினா நோட்டு நொறுங்கிடும். நோட்டு நொறுங்கினா உங்க கேஸ் போச்சு. உங்களுக்காகத்தான் இந்தப் பம்பை நிறுத்தாம ஓட்டிட்டிருக்கோம்."

"அப்ப நோட்டைக் கொடுங்க, தண்ணி ஆபீசுல காட்டிட்டு வர்றேன்."

"வரிசை குலைஞ்சிடுமே! அது எட்டாவது நோட்டுக்கும் அவரை டப்பாவுக்கும் நடுவுல இருக்கணும்."

"நகலாவது?"

"நகல் மிஷின் வெளிச்சத்தை நோட்டு தாங்குமான்னு முதல்ல குழு பார்க்கணும். குழுவை இன்னும் போடலை."

தண்ணீர் அலுவலகத்துக்குப் போனால், மூல ஆவணமோ முத்திரையிட்ட நகலோ இல்லாமல் வாயால் சொல்வதைப் பதிய முடியாது என்றார்கள். மாய்தே திரும்பி வந்து பத்துப் பக்கத்துக்கு ஒரு புகார் எழுதி, ப்ரூயிட்டின் மேஜைமேல் அடித்தாற்போல் வைத்தாள். அவர் கையுறை மாட்டிக்கொண்டு அதை எடுத்தார். கண் கலங்கியேவிட்டது.

"அருமை! பெட்டியைக் கொடுத்தவங்களே கைப்பட எழுதினது. டெஸ்மர் சேகரிப்போட இதையும் சேர்த்துடறோம். இதுல உயிரோட இருக்கிறவங்க பேர் வர்றதால எழுபத்தஞ்சு வருஷம் யாரும் திறக்கக்கூடாது."

"நீங்க?"

"நானும்தான் மேடம். விதி எல்லாருக்கும் ஒண்ணு."

அந்த இலையுதிர் காலத்துக்குள் மீதி ஆடுகளும் லாரி ஏறின. அப்போதெல்லாம் ஊர் 'ஐயோ பாவம்' என்றது. கீழே பள்ளத்தில் இருந்த எங்கள் கிணறுகளும் ஒவ்வொன்றாக மண்ணைக் கக்கியபோதுதான் எங்களுக்கு நியாய உணர்ச்சி பொங்கியது. வங்கி மேலாளர் எழுதினார், சாப்பாட்டுக் கடைக்காரர் எழுதினார், நானும் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ப்ரூயிட் ரசீது கொடுத்தார். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, எண் எழுதி, எங்கள் கண்முன்னாலேயே பெட்டியில் வைத்தார். இருநூறு வருஷத்துக்குக் கெடாதாம்.

போன வாரம் ஊர்க்கூட்டம். புகார்கள் பெருகிவிட்டதால் காப்பகத்தில் இடமில்லை. இரண்டாவது கூடம் கட்டவேண்டும், அதன் ஈரத்துக்கு இரண்டாவது பம்பும் வேண்டும் என்று ப்ரூயிட் பணிவுடன் கேட்டுக்கொண்டார். ஆதரிப்பவர்கள் கை தூக்கினோம். தாடிகளுக்கு மேலே ஒரே கைக்காடு. தூக்காதவள் ஒருத்திதான்.

வெளியே வரும்போது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயுமா வெண்டல்?"

"என்ன பண்ணச் சொல்ற மாய்தே? என் கடுதாசியும் அதுல இருக்கே. காய்ஞ்சு நொறுங்கிப் போனா?"

"அப்படி என்னத்த எழுதிக் கிழிச்ச?"

"தண்ணி இல்லைன்னு."